பத்திரம் மடில்டா பேரில், சாவி ஸ்டீஃபன் கையில்

எங்கள் வாசகர் வட்டத்தில் வருடத்துக்கு ஒரு வழக்காடு மன்றம் உண்டு. போன தடவை எடுத்துக்கொண்டது கொஞ்சம் தூரத்து வழக்கு. 1135-ல் இங்கிலாந்தின் அரியணை யாருக்குச் சேர வேண்டியது? இறந்துபோன முதலாம் ஹென்றியின் மகள் மடில்டாவுக்கா, ஹென்றியின் சகோதரி மகன் ஸ்டீஃபனுக்கா? எதிர்த்தரப்பில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். எந்தப் பக்கம் வேண்டும் என்று முதலில் என்னைக் கேட்டார்கள். மடில்டா என்றேன்.

நான் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். மூலப்பத்திரம், உயில், வாரிசுச் சான்று, வில்லங்கம் என்று இருபது வருடமாக அதே காகிதங்களோடுதான் குடித்தனம். அதனால் இந்த வழக்கைப் படித்தபோது எனக்கு ராஜா ராணி கண்ணில் படவில்லை. அப்பா மகள் பேருக்கு எழுதிவைத்த வீட்டில், அத்தை மகன் பூட்டை உடைத்துக் குடியேறிய கதையாகத்தான் தெரிந்தது. ஆமாம், நம் உறவுக் கணக்கில் ஸ்டீஃபன் மடில்டாவுக்கு அத்தை மகன், அதாவது முறைப்பையன். அவர்கள் ஊரில் அந்த முறையெல்லாம் கிடையாது, திருச்சபை ஒத்துக்கொள்ளாது. இருந்திருந்தால் ஒரு தாலியில் முடிந்திருக்கும் வழக்கு, 19 வருடம் இழுத்தது.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹென்றிக்கு முறைப்படி பிறந்த ஒரே மகன் வில்லியம். 1120 நவம்பர் 25 இரவு, பிரான்ஸ் பக்கத்தில் ஹென்றி ஆண்ட நார்மண்டியின் பார்ஃப்ளூர் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ‘வெள்ளைக் கப்பல்’ பாறையில் மோதியது. ஏறக்குறைய 300 பேர் செத்தார்கள், வில்லியமும். பிழைத்தது ரூவான் நகரத்துக் கசாப்புக்காரர் ஒருவர்தான். அந்தக் கப்பலில் ஸ்டீஃபனும் ஏறியிருந்தார். வயிற்றுப்போக்கு என்று கடைசி நேரத்தில் இறங்கிக்கொண்டார். அன்றைக்கு வயிறு நன்றாக இருந்திருந்தால் எங்கள் மன்றத்தில் எதிர்வாதியே இல்லை.

மடில்டா 8 வயதில் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டவர். 1114-ல் பேரரசர் ஐந்தாம் ஹென்றியோடு கல்யாணம். 1125-ல் விதவை, பிள்ளை இல்லை. அப்பா திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். 1128-ல் பிரான்ஸ் பக்கத்து ஆஞ்சு நாட்டு ஜெஃப்ரிக்குக் கட்டிவைத்தார். பெண்ணுக்கு 26, மாப்பிள்ளைக்கு 14. ‘பேரரசி’ என்ற பட்டத்தோடு வாழ்ந்தவருக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். ஆனாலும் 1133 மார்ச்சில் ஒரு மகன் பிறந்தான், தாத்தா பெயரையே வைத்தார்கள்.

1135 டிசம்பர் 1. நார்மண்டியில் தாத்தா காலமானார். வேட்டைக்குப் போன இடத்தில், வைத்தியர் வேண்டாம் என்று சொன்ன விலாங்கு மாதிரியான ஒரு மீனை ஆசைப்பட்டுத் தின்றதுதான் காரணம் என்று அந்தக் காலத்துக் குறிப்பு. மடில்டாவுக்கும் அப்பாவுக்கும் எல்லைக் கோட்டைகள் விஷயமாக அப்போது பெரிய மனஸ்தாபம். அப்பா போனபோது மகள் பக்கத்தில் இல்லை. வயிற்றில் மூன்றாவது பிள்ளை வேறு.

இந்த இடத்தில் ஸ்டீஃபனுக்குக் கொடுக்க வேண்டிய மார்க்கைக் கொடுத்துவிட வேண்டும். மனிதர் ஒரு நிமிடம் வீணாக்கவில்லை. பிரெஞ்சுக் கரையில் உள்ள பூலோனில் இருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். லண்டன்காரர்கள் வரவேற்றார்கள். அங்கிருந்து நேரே வின்செஸ்டர், அங்கேதான் கஜானா. அங்கே ஆயர் யார்? ஸ்டீஃபனின் தம்பி, அவர் பெயரும் ஹென்றிதான். டிசம்பர் 22-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டு. மூன்று வாரத்தில் கதை முடிந்தது. கஜானாவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பவுண்டு வெள்ளிக் காசு இருந்ததாக மால்ம்ஸ்பெரி வில்லியம் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார்.

இதை நான் குறைத்துப் பேசமாட்டேன். எங்கள் தொழிலிலும் அனுபோகம் என்றால் சாதாரணம் இல்லை. காகிதம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், உள்ளே குடியிருக்கிறவனைக் கிளப்புவதற்குள் நாக்கு வெளியே வந்துவிடும். அதோடு அன்றைய நம்பிக்கையில் முடிசூட்டு என்பது வெறும் கிரீடம் வைப்பது இல்லை. தலையில் எண்ணெய் தடவி அபிஷேகம் செய்துவிட்டால் அவர் கடவுள் ஆள். தடவிய எண்ணெயைத் துடைக்க வழி கிடையாது. தலைமையாசிரியர் இதைத்தான் பிடித்துக்கொண்டார்: “சாமிக்குக் கண் திறந்தாச்சு. இனிமே கல்லு சரியில்லைன்னு சொல்ல முடியுமா?” கைதட்டல் அவருக்கு.

வயது, பணம், படை, உள்ளூரில் செல்வாக்கு எல்லாமே ஸ்டீஃபன் பக்கம்தான். இதில் வாதாட ஒன்றுமில்லை. ரத்த நெருக்கத்தில் மகள் முன்னால், சகோதரி மகன் பின்னால். இதிலும் வாதாட ஒன்றுமில்லை. அப்படியே பார்த்தாலும் ஸ்டீஃபனுக்கு அண்ணன் ஒருவர் இருந்தார், திபோ. நார்மண்டிப் பிரபுக்கள் அவரைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், தம்பி அக்கரையில் உட்கார்ந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. சகோதரி மகன்களுக்குள்ளேயே முறைப்படி இவருக்கு முறை வரவில்லை.

ஆனால் என்னை மடில்டா பக்கம் இழுத்தது ரத்தம் இல்லை, சத்தியம்.

1127 ஜனவரி 1. ஹென்றி தன் பிரபுக்களையும் ஆயர்களையும் கூட்டிவைத்து, தனக்கு இனி ஆண்பிள்ளை இல்லாமல் போனால் மகள் மடில்டாவையே ஏற்றுக்கொள்வோம் என்று ஒவ்வொருவராகச் சத்தியம் செய்யவைத்தார். இதில் ஒரு வேடிக்கை. ஸ்காட்லாந்து ராஜா டேவிட், மடில்டாவின் தாய்மாமன், பிரபுக்கள் வரிசையில் முதலில் செய்தார். அடுத்து யார் என்பதில் போட்டி. ஹென்றியின் முறை தவறிப் பிறந்த மகன் குளோஸ்டர் ராபர்ட்டா, ஸ்டீஃபனா? யாருக்கு முந்தி மரியாதை என்று இரண்டு பேருக்கும் தள்ளுமுள்ளு, வார்த்தையில்தான். ஜெயித்தது ஸ்டீஃபன். மடில்டாவுக்குச் சத்தியம் செய்ய முந்திக்கொண்டு போனவர்தான் ஏறக்குறைய ஒன்பது வருடம் கழித்து அவருடைய நாற்காலிக்கும் முந்திக்கொண்டு போனார். அவருக்கு முடிசூட்டிய பேராயர் கார்பெய் வில்லியமும் அதே சத்தியத்தைச் செய்தவர்தான்.

சரி, சத்தியம் இருக்கிறது. அதை உடைக்க ஸ்டீஃபன் தரப்பு என்னென்ன சொன்னது? இங்கேதான் எனக்கு ருசி. ஒரு பத்திரத்தை உடைக்க வருகிறவர்கள் சொல்வதை இருபது வருடமாகக் கேட்கிறேன். ‘மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள்.’ ‘கடைசி நேரத்தில் மனசு மாறிவிட்டார், வேறு உயில் இருக்கிறது.’ ‘அந்தம்மா சட்டப்படி வாரிசே இல்லை.’ இந்த மூன்றுக்கு வெளியே நாலாவதாக ஒன்றை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் இதே மூன்றுதான்.

மிரட்டல் கதையை எடுத்துக்கொள்வோம். ராஜா முன்னால் நிற்கும்போது யார் மாட்டேன் என்பார்கள்? நியாயமான கேள்விதான். சாலிஸ்பெரி ஆயர் ராஜர் இன்னொரு நூலும் விட்டார். மகளை எங்களைக் கேட்காமல் வெளிநாட்டில் கட்டிக்கொடுக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடுதான் சத்தியம் செய்தோம், ராஜா அதை மீறி ஆஞ்சுவில் கொடுத்துவிட்டார், ஆகவே எங்களைக் கட்டுப்படுத்தாது என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தேதியைப் பாருங்கள். ஆஞ்சுக் கல்யாணம் 1128. 1131 செப்டம்பரில் நார்தாம்ப்டனில் பிரபுக்களைக் கூட்டி ஹென்றி அதே சத்தியத்தை மறுபடி வாங்கினார். மாப்பிள்ளை யார் என்று ஊருக்கே தெரிந்து மூன்று வருடம் கழித்து! நிபந்தனை மீறப்பட்டது என்றால் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? இரண்டாவது கையெழுத்தைப் போட்டுவிட்டு முதல் கையெழுத்தில் குறை சொன்னால் எந்த கோர்ட்டில் எடுபடும்?

அடுத்தது மனசு மாறிய கதை. அரண்மனை அதிகாரி ஹியூ பைகட் என்பவர் வந்து, சாகும் தறுவாயில் ராஜா மகளை ஒதுக்கிவிட்டு ஸ்டீஃபனைச் சொன்னார், நான் காதால் கேட்டேன் என்று சத்தியம் செய்தார். பேராயர் அதை நம்பித்தான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். ஆனால் மரணப்படுக்கைக்குப் பக்கத்தில் உண்மையில் இருந்தவர்களில் ராபர்ட் ஒருவர், ரூவான் பேராயர் ஒருவர். மகளுக்கே எல்லாம் என்று ராஜா சொன்னதாகத்தான் மால்ம்ஸ்பெரி துறவி எழுதுகிறார். அந்தத் துறவி ராபர்ட்டுக்கு வேண்டியவர், தன் நூலை அவருக்கே காணிக்கை ஆக்கியவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தலைமையாசிரியர் சொல்லிவிடுவார், சொன்னார். பைகட் அந்த அறையிலேயே இல்லை என்பது மடில்டா தரப்பு பின்னால் ரோமில் வைத்த வாதம். இந்த பைகட் அப்புறம் ஸ்டீஃபனுக்கு எதிராகவே கலகம் செய்தார். கடைசியில் மடில்டாவின் மகன் பக்கம் போய்ச் சேர்ந்து, பிரபுப் பட்டத்தையும் அவரிடமே உறுதி செய்துகொண்டார். சாட்சிக் கூண்டில் இப்படிப்பட்ட முகங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, வாரிசே இல்லை என்பது. 1139-ல் ரோமில் போப் இரண்டாம் இன்னொசென்ட் முன்னால் வழக்கு போனது. மடில்டாவுக்காக ஆஞ்சே ஆயர் உல்ஜர். எதிரே ஆர்னுல்ஃப் என்ற கெட்டிக்கார வாய். அவர் தூக்கிப் போட்ட குண்டு இது: மடில்டாவின் அம்மா கன்னியாஸ்திரீ, எனவே அந்தக் கல்யாணம் செல்லாது, எனவே பிறந்த மகள் முறையான வாரிசு இல்லை. அம்மா ஸ்காட்லாந்து இளவரசி. ரோம்ஸி, வில்டன் மடங்களில் தன் தாயின் சகோதரி கிறிஸ்டினாவின் பொறுப்பில் வளர்ந்தவர். 1100-ல் ஹென்றி பெண் கேட்டபோதே இந்தப் பேச்சு எழுந்தது. அப்போதைய பேராயர் ஆன்செல்ம் விசாரித்தார். அந்தப் பெண் சொன்ன பதில் இன்றும் இருக்கிறது. நார்மன் ஆண்களிடமிருந்து காப்பாற்றத்தான் கிறிஸ்டினா தலையில் கறுப்புத் துணியைப் போட்டுவிட்டாராம். கிறிஸ்டினா அந்தப் பக்கம் போனதும் இவர் அதைப் பிடுங்கித் தரையில் போட்டுக் காலால் மிதிப்பாராம். சபை கூடி, இவர் நேர்ச்சை எடுத்தவர் இல்லை என்று முடிவு செய்து, ஆன்செல்மே கல்யாணத்தையும் நடத்திவைத்தார். 39 வருடம் கழித்து, அந்த அம்மாள் இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆனபிறகு, மகளின் உரிமையை அடிக்க அதே கறுப்புத் துணியைத் தேடி எடுக்கிறார்கள்.

போப் விசாரணையைப் பாதியில் நிறுத்தினார், ஸ்டீஃபனுக்கு ஏற்கெனவே கொடுத்த அங்கீகாரத்தை அப்படியே விட்டுவிட்டார். சபைச் சட்டம் எனக்குப் பழக்கமில்லாத வயல். அந்த நிறுத்தத்துக்கு அவர்கள் முறைப்படி என்ன எடை என்பதில் என் பேச்சை முழுக்க நம்ப வேண்டாம். ஆனால் தீர்ப்பு எழுதாமல் வழக்குக் கட்டை மூடிவைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

இத்தனை வாதத்திலும் எதைச் சொல்லவில்லை என்று கவனியுங்கள். ‘பெண் என்பதால் உரிமை இல்லை’ என்பது ரோமில் அவர்கள் தூக்கிப் பிடித்த ஆயுதம் இல்லை. மனசுக்குள் எல்லாருக்கும் அதுதான் இருந்திருக்கும், சந்தேகமில்லை. ஒரு ராணி தன் உரிமையில் இங்கிலாந்தை ஆண்ட வழக்கமே அதுவரை கிடையாது. ஆனால் அதை உரக்கச் சொன்னால் ஸ்டீஃபனே காலி. ஏன்? அவருடைய உரிமை எங்கிருந்து வருகிறது? அம்மா அடேலாவிடமிருந்து, அவர் இங்கிலாந்தைப் பிடித்த வெற்றிவீரர் வில்லியமின் மகள், முதலாம் ஹென்றியின் சகோதரி. அப்பா வழியில் பார்த்தால் அவர் புளுவா நாட்டுப் பிரபுவின் பிள்ளை, இங்கிலாந்தில் ஒரு செங்கல் கிடையாது. அவர் ஆண்ட பூலோன் நாடு? அதுவும் மனைவி கொண்டுவந்தது. நாங்கள் மூலப்பத்திரத்தைத் தாய்ப்பத்திரம் என்றும் சொல்வோம். ஸ்டீஃபனிடம் இருந்தது நிஜமாகவே தாய்ப்பத்திரம்தான்.

பெண் வழியாக உரிமை இறங்கும், பெண்ணிடம் தங்காது என்று வேண்டுமானால் சொல்லிப் பார்க்கலாம். தலைமையாசிரியர் சொன்னார். அப்போதும் அது மடில்டாவைத் தாண்டி எங்கே இறங்கும்? 1135 டிசம்பரில் இரண்டேமுக்கால் வயதுக் குழந்தையாக இருந்த அவர் மகன் ஹென்றியிடம். எந்தப் பக்கம் தண்ணீர் விட்டாலும் ஸ்டீஃபன் வயலுக்குப் பாயவில்லை.

இனி மடில்டாவின் பலவீனம். மறைக்க முடியாது. 1139 செப்டம்பர் கடைசியில் அருண்டெலில் வந்து இறங்கினார். 1141 பிப்ரவரி 2-ல் லிங்கன் போரில் ஸ்டீஃபன் பிடிபட்டார், பிரிஸ்டலில் சிறை. தம்பி ஆயரே கட்சி மாறி, ஏப்ரலில் வின்செஸ்டரில் சபை கூட்டி மடில்டாவை ‘ஆங்கிலேயரின் தலைவி’ என்று ஏற்றுக்கொண்டார். முடிசூட்டுதான் பாக்கி. சாவி கைக்கு வந்துவிட்டது என்ற நிலையில், லண்டன்காரர்களிடம் பெரும் பணம் கேட்டார். பழைய சட்டங்களைத் திரும்பக் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டதற்கு முகம் கொடுக்கவில்லை. ஜூன் 24. வெஸ்ட்மின்ஸ்டரில் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். ஊர் மணிகள் அடித்தன, கூட்டைக் கலைத்த தேனீ மாதிரி ஜனம் திரண்டு வந்தது. போட்டது போட்டபடி குதிரையேறி ஓடினார். அந்த வாய்ப்பு திரும்பவே இல்லை. செப்டம்பரில் வின்செஸ்டரில் தோல்வி, ராபர்ட் பிடிபட்டார். அவருக்கு ஈடாக ஸ்டீஃபனை விட வேண்டியதாயிற்று. அந்தப் பக்கம் படை திரட்டி நின்றது இன்னொரு மடில்டா, ஸ்டீஃபனின் மனைவி. நம் மடில்டாவுக்குச் சித்தி மகள். டேவிட் இருவருக்கும் தாய்மாமன். இந்த வழக்கில் பெண்களால் முடியாது என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

அகங்காரி என்று பெயர் வாங்கினார் மடில்டா. தாய்மாமனும் அண்ணனும் ஆயரும் மண்டியிட்டபோது எழுந்து நிற்கவில்லை என்று ஸ்டீஃபன் கட்சி நூலாசிரியர் குறை எழுதுகிறார். அப்பா ஹென்றி கலப்படக் காசு அடித்தார்கள் என்று நாணயக்காரர்களின் வலக்கையை வெட்டினார், அவருக்கு நீதிமான் என்று பெயர். ஆனாலும் லண்டனில் அந்த நேரத்தில் பணம் கேட்டது மடத்தனம். என் கட்சிக்காரர் என்பதற்காக அதை நியாயப்படுத்தமாட்டேன்.

ஸ்டீஃபன் நல்ல மனிதர் என்பதையும் எழுதிவிடுகிறேன். 1147-ல் மடில்டாவின் மகன், 14 வயதுப் பையன், கூலிப்படையைக் கூட்டிக்கொண்டு வந்து, சம்பளம் கொடுக்க முடியாமல் முழித்தபோது, பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தவர் ஸ்டீஃபன்தான். தன்னோடு சண்டை போட வந்தவனுக்கு! அதே இளகிய மனம்தான் ஆட்சியைக் கெடுத்தது. பிரபுக்கள் ஊருக்கு ஊர் கோட்டை கட்டி ஜனங்களைப் பிழிந்தார்கள். கிறிஸ்துவும் அவருடைய புனிதர்களும் தூங்கிவிட்டார்கள் என்று மக்கள் சொன்னதாகப் பீட்டர்பரோ மடத்துத் துறவி ஒருவர் எழுதிவைத்தார்.

முடிவு என்ன ஆனது? 1152-ல் தான் உயிரோடிருக்கும்போதே மகன் யூஸ்டஸுக்கு முடிசூட்டப் பார்த்தார் ஸ்டீஃபன். சபை மறுத்துவிட்டது. அடுத்த வருடம் யூஸ்டஸ் இறந்தார். 1153 நவம்பரில் ஒப்பந்தம். அதன் சாரத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நான் வாரத்துக்கு இரண்டு எழுதுகிற வாசகம் அது: ஸ்டீஃபன் ஆயுள் பரியந்தம் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது, அவர் காலத்துக்குப் பிறகு மடில்டாவின் மகன் ஹென்றி, பரம்பரை உரிமைப்படி, சர்வ சுதந்திரத்தோடு அடைய வேண்டியது. ஸ்டீஃபனுடைய இன்னொரு மகன் வில்லியமுக்கு நிலபுலன் மட்டும். ஆயுள்கால அனுபவம் என்று ஒருவருக்கு எழுதுகிறோம் என்றாலே, பாத்தியம் இன்னொருவருடையது என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம். ஸ்டீஃபன் அதன்பின் ஒரு வருடம்கூட இருக்கவில்லை, 1154 அக்டோபர் 25-ல் போய்விட்டார். டிசம்பர் 19-ல் இரண்டாம் ஹென்றி முடிசூடினார். அவரை ஊர் ‘பேரரசி மகன் ஹென்றி’ என்றே அழைத்தது. இன்ஷியல் அம்மாவுடையது.

நான் உட்காரப் போகும்போது தலைமையாசிரியர் கடைசியாக ஒன்று கேட்டார். “சத்தியம் சத்தியம்னு சொல்றீங்களே, உங்க ராபர்ட், மடில்டாவோட சொந்த அண்ணன், 1136-ல ஸ்டீஃபனுக்குக் கீழ்ப்படியறேன்னு சொன்னாரா இல்லையா? 1138 வரைக்கும் வாயத் திறக்கலையே?” நிபந்தனையோடுதான் சொன்னார், சொத்தையும் தலையையும் காப்பாற்றிக்கொண்டு தருணம் பார்த்தார் என்றேன். “அப்ப ஸ்டீஃபன் மட்டும் என்ன தப்புப் பண்ணினார்?” என்றார் சிரித்துக்கொண்டே. நடுவர் மணியை அடித்தார். தீர்ப்பு எனக்குத்தான் வந்தது, ஆனால் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இன்னும் என்னிடம் இல்லை.